ஊர்வலத்தில் ஒரு விளம்பரப் பாட்டு

அரை நிமிடப் பாட்டு ஒன்றுக்காக டிவி முன்னால் தவம் கிடந்தவள் நான். தீப்பெட்டி அளவு எம்பித்ரீ பிளேயருக்கான விளம்பரம் அது. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஒரு பெண் லோக்கல் ரயிலில் ஆடுவாள். பாட்டு என்ன மொழி என்றுகூடத் தெரியாது, ஆனால் கேட்டால் என் கால் சும்மா இருக்காது. சீரியலுக்கு நடுவே விளம்பரம் வந்ததும் எங்கள் தாராவி வீட்டில் எல்லாரும் எழுந்து போவார்கள். நான் அப்போதுதான் வந்து உட்காருவேன்.

"கூறு கெட்டவளே, நாடகத்தை விட்டுட்டு வெளம்பரத்தையா பாக்க?" என்று அம்மா திட்டுவாள்.

கல்யாணம் நிச்சயமானதும், ஊர்வலத்துக்கு அந்தப் பாட்டுதான் என்று ஒற்றைக் காலில் நின்றேன். மாப்பிள்ளை மாட்டுங்காக்காரர், காதல் கல்யாணம். நாங்கள் திருநெல்வேலிப் பேச்சு, அவர்கள் பிராமணப் பேச்சு, மூன்று தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம். வருங்கால மாமியார் சம்மதம் சொன்னாரே தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கோ மூக்கு நுனியில் கோபம். பேசாவிட்டால் போகட்டும் என்று வெளியில் வீம்பு. உள்ளுக்குள் உதறல்தான். ஒரே வீட்டில் எப்படி வாழப் போகிறேன்?

மும்பையில் ஊர்வலம் என்றால் பேஞ்சோ பார்ட்டி. ஒருவர் கம்பி வாத்தியத்தை ஸ்பீக்கரில் அலறவிட, பின்னால் நாலு பேர் டிரம்மைப் பிளப்பார்கள். முழுப் பாட்டு எங்கே தேடியும் கிடைக்கவில்லை. செல்போனை டிவியோடு ஒட்டிப் பிடித்து விளம்பரத்தைப் பதிவு செய்து, பார்ட்டித் தலைவரான மராட்டிக்காரரிடம் கொடுத்தேன்.

கல்யாணத்தன்று சாயங்காலம். திறந்த காரில் நாங்கள் இருவரும். காரை ஒட்டி மாமியாரும் அவர் தங்கையும் நடந்து வந்தார்கள். பாட்டு தொடங்கியதும் தெருவே ஆடியது. ஐயோ, என்ன ஆட்டம்! திடீரென்று எல்லா வாத்தியமும் ஒன்றாகத் தாழ்ந்து முணுமுணுத்தன. தூக்கிய கையோடு ஜனம் முழித்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் டமார்!

அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அதே முணுமுணுப்பு. அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. விளம்பரத்தில் ஒரு ஆள் நடுவில் வந்து, இத்தனை பாட்டு இதற்குள் அடங்கும் என்று பேசுவான். அவன் பேசுவதற்காகப் பாட்டின் சத்தத்தைக் குறைத்திருப்பார்கள். இவர்கள் அந்தக் குறைச்சலையும் சேர்த்துப் பழகியிருக்கிறார்கள்!

தலைவரைப் பார்த்துக் கத்தினேன். "அரே மேடம், நீங்க கொடுத்ததை அச்சு அசலா வாசிக்கிறோம்" என்று இந்தியில் பெருமையாகச் சொன்னார்.

"பாட்டுக்கு எளைக்குதுலே, எல்லாரும் தண்ணி குடிச்சுக்கிடுங்க" என்று என் அண்ணன் வேறு கிண்டலடித்தான். மானம் கப்பலேறியது. மாமியார் பக்கம் திரும்பவே தைரியமில்லை.

மூன்றாம் சுற்று. அந்த டிரம் இரைச்சலில் பேச வேண்டுமானால் கத்தத்தான் வேண்டும். மாமியார் தங்கையின் காதில் கத்திக்கொண்டிருந்தார். வாத்தியம் தாழ்ந்தது, அவர் குரல் தாழவில்லை.

"என்னமா ஜொலிக்கறா பாருடீ! நம்மாத்துக்கு இந்தக் கலகலப்புதான் வேணும். ஆனா அவகிட்ட பேசத்தான் எனக்குப் பயம். அவ பட்டுனு ஏதாவது சொல்லிட்டா, எனக்குப் பதில் சொல்ல வராதே!"

தெரு முழுக்கக் கேட்டது. விசில் பறந்தது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாலையும் கழுத்துமாகக் காரிலிருந்து குதித்து அவர் கையைப் பிடித்தேன்.

"எனக்கும் ஒங்களக் கண்டா பயந்தான் அத்தே!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முதன்முதலாக என்னோடு பேசினார்.

"செருப்பு போடாம எறங்கிட்டியேடீ, கால்ல ஏதாவது குத்திடப் போறது!"