இரண்டு கண்ணாடிக்கு நடுவே

இது கதையில்லை. என் அக்காவுக்கு நடந்தது. அக்கா கதை கட்டுகிற ஆள் இல்லை. அதற்கு வேண்டிய பொறுமை அவளுக்குக் கிடையாது. அவளாகக் கட்டியிருந்தால் கடைசியில் அந்த வாடகை வீட்டுக்காரரை ரத்தம் கக்கிச் சாக வைத்திருப்பாள். அவரோ இன்றைக்கும் கல்லுக்குண்டாட்டம் நடமாடிக்கொண்டிருக்கிறார். நடந்தது நடந்தபடியேதான் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. மச்சான் கப்பலில். வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் மேல்தான் குடித்தனம். அக்காவும் ஆறு வயது மகளும் மூன்றாவது மாடியில் ஒரு வீட்டுக்கு வாடகைக்குப் போனார்கள். பிள்ளைக்கு இழுப்பு உண்டு. குளிர்காலம் வந்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். ஈரமும் பூஞ்சையும் இவளுக்கு எமன் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அக்கா அரைத் தூக்கம்தான் தூங்கினாள்.

பிள்ளையின் அறையில் ஒரே ஒரு ஜன்னல். இரட்டைக் கண்ணாடி போட்டது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு, காற்றுப் புகாமல் ஓரமெல்லாம் ஒட்டி அடைத்திருப்பார்களே, அது. குளிர் தாங்கும், தெருச் சத்தம் கேட்காது. ஆனால் அதைத் திறக்க முடியாது. பாதுகாப்பு என்று சொல்லி வீட்டுக்காரர் எல்லா ஜன்னலுக்கும் சட்டத்தைச் சுற்றி ஸ்க்ரூ போட்டு முடுக்கி வைத்திருந்தார்.

போன முதல் வாரமே கண்ணாடியில் நீராவி படிந்தது. அக்கா துணியால் துடைத்தாள். போகவில்லை. மாடிப்படி ஜன்னல் வழியாக நீளக் குச்சியில் ஈரத்துணி கட்டி, வெளிப்பக்கமும் துடைத்தாள். அப்போதும் போகவில்லை. ஈரம் இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"சமைக்கிறீங்க, துணி காயப்போடுறீங்க. போதாததுக்கு ரெண்டு பேரும் ராத்திரி பூரா மூச்சு விடுறீங்க. ஈரம் வராம என்னம்மா செய்யும்?"

"மூச்சு விடுறது தப்புங்களா?"

"ஜன்னலைத் தொறந்து வைங்க."

"நீங்கதானே ஸ்க்ரூ போட்டு வச்சிருக்கீங்க!"

"அது பாதுகாப்புக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அக்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. வாடகைக்கு இருக்கிறவன் மூச்சு விட்டால்கூடக் குற்றம் என்று சொல்கிற ஆளை என்ன செய்வது? அன்று முழுக்க என்னிடம் போனில் கத்தித் தீர்த்தாள்.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தாள். நீராவி கண்ணாடி முழுக்கப் படியவில்லை. கீழ்ப்பக்கத்தில், ஒரு இடத்தில் மட்டும். வட்டமாக. உள்ளங்கை அகலம். சரியாகப் பிள்ளை நின்றால் வாய் வருகிற உயரம்.

"கண்ணாடில வாயை வச்சு ஊதாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"நான் ஊதலம்மா."

"பொய் சொன்னா வாய் மேலயே போடுவேன்."

பிள்ளை அழுதது. "நான் இல்லம்மா... நிஜமா நான் இல்ல..."

கோபத்தில் அக்கா மறந்துவிட்டாள். அறைக்குள்ளிருந்து எவ்வளவு ஊதினாலும் நடுவில் எப்படிப் படியும்?

அடுத்த நாள் விடியற்காலை. ஐந்து மணி இருக்கும். அக்கா வேலைக்குக் கிளம்ப எழுந்தாள். அடுப்பைப் பற்ற வைத்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

ஈ...ஈ...ஈ...

இழுப்பு. கடுமையான இழுப்பு.

மருந்துக் குழலை எடுத்துக்கொண்டு அறைக்குள் ஓடினாள். பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தாள்.

நெஞ்சில் சத்தமே இல்லை. பிள்ளை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஈ...ஈ...ஈ...

சத்தம் ஜன்னல் பக்கமிருந்து வந்தது.

அக்கா மெல்லத் திரும்பிப் பார்த்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் அந்த வட்டம் தெரிந்தது. பெரிதானது. சுருங்கியது. மறுபடி பெரிதானது...

யாரோ அதில் மூச்சு விடுவதுபோல.

பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்தாள்.

பயந்து மூலையில் உட்கார்ந்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். விடிந்ததும் அக்காவுக்குக் கோபம்தான் வந்தது. பேயோ பூதமோ, இந்த ஜன்னலுக்கு இன்றைக்கு ஒரு வழி பண்ணாமல் விடமாட்டேன் என்று, வீட்டுக்காரரைக் கேட்காமலே ஒரு கண்ணாடிக்காரரைக் கூட்டிவந்தாள். நடுத்தர வயது ஆள். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

"ஓரத்து சீல் பிஞ்சிருக்கும்மா. எல்லா வீட்லயும் இதே தொல்லைதான். சின்னதா ஒரு ஓட்டை போட்டு, உள்ள இருக்கிற ஈரத்தைக் காயவிட்டு, அப்புறம் ஒரு மூடியப் போட்டு அடைச்சிடலாம். அரை மணி வேலை."

ஓரமெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். சிரிப்பு குறைந்தது. சீல் எங்கேயும் பிரியவில்லை. ஒரு எறும்பு போகக்கூட வழியில்லை.

"அப்போ ஈரம் எப்படி உள்ள போச்சு?" என்று அக்கா கேட்டாள்.

அவர் டிரில்லை எடுத்தார். மூலையில் தண்ணீர் தொட்டுத் தொட்டு, உள்பக்கக் கண்ணாடியில் ஓட்டை போட ஆரம்பித்தார். பட்டப்பகல். வெயில் அறைக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

டிரில் உள்ளே இறங்கியது. வெளியே இழுத்தார்.

ஹ்...ஹ்ஹ்...ஹ்ஹ்ஹ்...

ஓட்டை காற்றை இழுத்தது.

நின்றுவிடும் என்று இருவரும் பார்த்தார்கள். நிற்கவில்லை. ஒரு விரல் இடைவெளிக்குள் எவ்வளவு காற்று கொள்ளும்? இழுத்துக்கொண்டே இருந்தது. திரைச்சீலை நுனி ஜன்னலை நோக்கி எழுந்து நின்றது. கண்ணாடிக்காரர் ஓட்டை மேல் விரலை வைத்தார். வெடுக்கென்று எடுத்தார். விரல் நுனி சிவந்திருந்தது.

பிறகு...

நின்றது.

ஓட்டையிலிருந்து காற்று வெளியே வந்தது. மெதுவாக. வெதுவெதுப்பாக. அக்காவின் மணிக்கட்டில் பட்டது.

கண்ணாடியில் வட்டம் இல்லை.

கண்ணாடிக்காரர் பெட்டியைக் கட்டினார்.

"மூடி?" என்றாள் அக்கா.

"வேணாம்மா. இதை யாரும் அடைக்கக்கூடாது."

கூலிகூட வாங்காமல் இறங்கிப் போய்விட்டார். வீட்டுக்காரருக்கு மட்டும் சேதி எப்படியோ எட்டிவிட்டது. மாலையே வந்து குதித்தார்.

"என் ஜன்னல்ல ஓட்டை போட உங்களுக்கு யார் உரிமை குடுத்தது? மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுங்க!"

"மாசக் கடைசி என்னய்யா மாசக் கடைசி? நாளைக்கே போறேன். இந்த வீட்டை நீயே கட்டிக்கிட்டு அழு."

சொன்னபடியே போனாள். புது வீட்டில் ஜன்னல்கள் திறக்கும். பிள்ளைக்கு அந்தக் குளிர்காலத்தில் ஒரு தடவைகூட இழுப்பு வரவில்லை. அத்தோடு விட்டது சனியன் என்றுதான் இருந்தோம்.

ஒரு மாதம் கழித்து, பழைய எதிர்வீட்டம்மா போன் செய்தார். அவரும் அதே வீட்டுக்காரரிடம்தான் வாடகைக்கு இருக்கிறார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"உங்க வீட்டுக்குப் புதுசா ஆள் வந்துட்டாங்கம்மா. கைக்குழந்தை இருக்கு. அந்த ஓட்டையை வீட்டுக்காரர் பசை வச்சு அடைச்சிட்டாரு. நேத்து காலைலேர்ந்து திரும்பவும் வட்டமா படியுதாம்."

"அவங்க நம்பர் குடுங்க. நான் பேசுறேன்."

"குடுக்கிறேன். ஆனா அவங்ககிட்ட இதையும் சேர்த்து நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாய் வரல."

"எதை?"

அந்தம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களுக்கு ஒரு பையன். அவனுக்கும் இழுப்பு. மாடிப்படிக்குப் பெயிண்ட் அடிச்ச அன்னைக்கு நெடி தாங்காம மூச்சு முட்டிடுச்சு. வாசக் கதவைத் தொறந்தா இன்னும் நெடி. ஜன்னலைத் தொறக்க முடியல. அவங்கம்மா நாற்காலியால அடிச்சாங்க. உள்பக்கக் கண்ணாடி நொறுங்கிடுச்சு. வெளிக்கண்ணாடி கெட்டி. ஒடையவே இல்ல. பையன் காத்து வரும்னு நெனச்சு அதுல வாயை வச்சுக்கிட்டு..."

அக்காவின் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது. பிறகு வெடித்தாள்.

"இத்தனையும் தெரிஞ்சுக்கிட்டு எங்கிட்ட வாயத் தொறக்கலையே நீங்க! என் பிள்ளை அங்கதானே படுத்திருந்துச்சு!"

"வாயத் தொறந்தா என்னையும் காலி பண்ணச் சொல்லிடுவாரு... என்னை மன்னிச்சிடுங்கம்மா."

"பையன்?"

"ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள போயிட்டான்."

"அப்புறம் அந்த ஜன்னலை மாத்தலையா?"

"எங்க மாத்தினாரு? வெளிக்கண்ணாடி நல்லாத்தானே இருக்குன்னு, உள்பக்கம் மட்டும் புதுசு வச்சு ஒட்டச் சொல்லிட்டாரு. நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். அவன் வாய் வச்ச அடையாளம் கண்ணாடில அப்படியே இருந்துச்சு. யாரும் அதைத் தொடைக்கக்கூட இல்லம்மா. அப்படியே வச்சு அடைச்சிட்டாங்க."