முகம் இல்லாத தாள்கள்

கதவைத் தட்டிவிட்டு ஒரு பெண்மணி, "கள்ளியளைப் பிடிச்சு உள்ளுக்குப் போடவேணும், உதவிக்கு வாறீங்களா புள்ள?" என்று கேட்டார். நான் கதவுச் சங்கிலியைக் கழற்றவில்லை. கும்பகோணத்திலிருந்து கடல் கடந்து இந்தக் குளிர் நாட்டு வோபர்னுக்கு வந்து அப்போது இரண்டு மாதம். அடுத்த வீட்டில் திருடிகள் புகுந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். போலீஸைக் கூப்பிடலாமே என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பதினோராம் மாடியில் மூன்று கதவுகள் திறந்தன.

அவர்தான் தவமலர் அக்கா. மட்டக்களப்புக்காரர். விமான நிலையத்துப் பக்கம் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பால்கனியில் இருபத்துமூன்று சட்டிகளில் கள்ளி வளர்த்தார். யாரோ வீடு மாறும்போது குப்பை அறையில் விட்டுப்போன ஒரு சட்டியில் ஆரம்பித்த பைத்தியம் அது. முதல் குளிர்காலத்தில் பாவம் பார்த்துத் தண்ணீர் ஊற்றி ஐந்தை அழுகவிட்டாராம். பட்டபின் வந்த புத்தி. அதற்குப் பிறகு செப்டம்பர் பிறந்தால் ஒரு சொட்டுக் கிடையாது. வாடியிருக்கிறதே என்று ஒருநாள் நான் தம்ளரைத் தூக்கப்போய், கையில் பட்டென்று ஓர் அடி வாங்கினேன்.

"சுருங்கட்டும். உடம்பில தண்ணி கூடினால்தான் குளிருக்கு வெடிக்கும்."

முதல் உறைபனிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை பார்த்து வேலை தொடங்கும். பழைய பல்துலக்கியால் முள்ளுக்கு இடையிலுள்ள தூசியைத் தட்டுவேன். பஞ்சு ஒட்டியது போல வெள்ளைப் பூச்சி இருந்தால், காது குடையும் குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு அக்கா துடைப்பார். மண் மாவாக உதிர்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பார். பிறகு ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, வாழைப்பழப் பெட்டிகளில் அடுக்கி, ஹீட்டரை மூடிவைத்த சின்ன அறைக்குள் வைப்போம். வீட்டில் இருந்ததே அந்த ஒரு படுக்கையறைதான். கள்ளிகளுக்கு அறை, வாடகை கட்டுகிறவருக்கு சோஃபா. சொன்னால், "அதுகள் குறட்டை விடாதுகள், நான் விடுவன்" என்பார். இப்போது இதே ஊரின் கிழக்கு ஓரம் ரூஜில் எனக்குச் சொந்த வீடு, நாலு அறை. அந்தச் சனிக்கிழமைகளைப்போல் ஒரு நாள் இங்கே வாய்க்கவில்லை. இஞ்சி போட்ட தேத்தண்ணி, இரண்டு பேரின் விரலிலும் முள், ஓயாத பேச்சு. நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

சுற்றுகிற தாள் தமிழ்க் கடை வாசலில் சும்மா கிடைக்கும் வாரப் பத்திரிகை. அதில் அக்காவுக்கு ஒரு சட்டம் உண்டு. மனித முகம் உள்ள தாளைக் கள்ளியில் சுற்றக் கூடாது. அந்தப் பத்திரிகைகளில் பாதி மரண அறிவித்தல்தான், படமில்லாமல் ஒன்று வராது. "முகத்தில முள்ளுக் குத்தப்படாது புள்ள" என்று ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்த்து, முகமுள்ளதை ஒதுக்கிவைப்பார். வீட்டு விளம்பரமும் ராசிபலனும்தான் கள்ளிக்கு. நான் கேலி செய்வேன், ஆனால் அவர் சொன்னபடியே செய்வேன்.

2009 மே மாதம் வன்னியில் போர் முடிந்தது. அக்காவின் தங்கை குணவதி கிளிநொச்சியில் வாழ்க்கைப்பட்டவர். ஜனவரியில் ஒருமுறை போனில் பேசியதோடு சரி. அந்த வசந்தம் முழுக்க அக்கா வேலை முடிந்து, போரை நிறுத்தச் சொல்லும் ஊர்வலங்களில் நின்றார். கள்ளிகள் ஜூன் வரை பெட்டிக்குள்ளேயே கிடந்தன. பிறகு முகாம்களிலிருந்து பெயர்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. குணவதியின் பெயர் வரவில்லை. "முகாமில லட்சம் சனம். அவளும் இருப்பாள். கண்டால் இஞ்ச கூப்பிட்டிடுவன்" என்று ஞாயிறுதோறும் யாருக்காவது போன் போட்டு விசாரித்துக்கொண்டே இருந்தார். அவள் இருக்கிறாளா இல்லையா, அது ஒன்றுதான் அந்த வருடம் அவருக்குக் கேள்வி.

அக்டோபரில் வழக்கம்போல் உட்கார்ந்தோம். பத்திரிகைக் கட்டு உயரமாக இருந்தது, முகமில்லாத தாள்தான் அகப்படவில்லை. நான் புரட்டிப் புரட்டி ஒதுக்கிக்கொண்டே போனேன். ஒரு தாளில் அக்கா கையை வைத்தார்.

இரட்டைப் பின்னல் போட்ட பழைய படம். கீழே பெயர்: குணவதி. அன்னார் விநாயகமூர்த்தி, தவமலர் ஆகியோரின் பாசமிகு சகோதரி ஆவார். விநாயகமூர்த்தி பக்கத்து ஊர் விட்பியில் இருக்கும் அக்காவின் அண்ணன். அறிவித்தலைக் கொடுத்ததும் அவர்தான் என்று அடியில் இருந்தது.

"பாத்தீங்களா, என்னைக் கேக்காமலே என்ர பேரும் போட்டிருக்கு. பேப்பரில நான் அழுதிருக்கிறன்" என்றார் அக்கா.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தங்கை கிடைக்கவில்லை என்பதற்காகச் சாகடித்துவிடுவதா, இப்படியும் ஓர் அண்ணனா என்று கத்தினேன். அக்கா படத்தின் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தார். தோற்றம் ஒரு பக்கம், மறைவு ஒரு பக்கம். மறைவின் கீழ் 27.04.2009 என்று இருந்தது.

"திகதி போட்டிருக்கு புள்ள. காணாமல் போனவளுக்கு ஆர் திகதி போடுவினம்?"

அக்காவின் கையெல்லாம் கள்ளி மண். மூக்கால் தட்டியதுபோல் ஏதோ செய்து போனை ஸ்பீக்கரில் போட்டார். முதல் மணியிலேயே அண்ணன் எடுத்தார்.

"பேப்பர் பாத்தனியே?" என்றார்.

"ஓம்."

"பக்கத்துப் பதுங்கு குழியில இருந்த மனுசி ஆடி மாசம் முகாமில இருந்து வெளிய வந்தவ. அவதான் கண்டவ, குழி வெட்டித் தாட்டவ. ஆவணியில உன்னட்டைச் சொல்லத்தான் வந்தனான். நீ தேத்தண்ணி தந்துபோட்டு அவளைப் பற்றியே கதைச்சுக்கொண்டிருந்தாய். வாய் வரேல்ல. பேப்பரில போட்டால் நீயாப் பாப்பாய் எண்டு..."  அவரைத் திட்டிய வாயை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா அந்தத் தாளை எடுத்து ஒதுக்கிவைத்தார். பிறகு மிகவும் மெதுவாக, "நான் அவளுக்குக் குளிர்க் கோட்டு வாங்கி வைச்சிருக்கிறன், அண்ணை" என்றார்.

அண்ணன், "என்ன சைஸ்?" என்று கேட்டார்.

"சின்னன்தான். முகாமில மெலிஞ்சிருப்பாள் எண்டு நினைச்சன்."