கத்தி மேல் விழுந்த பழி

என் மனைவி புஷ்பலதா எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் சுங்காய் ரப்பர் தோட்டத்தில்தான் போய் நிற்பாள். குனோங் ராபாட் டவுனுக்குக் குடிவந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, அவள் மனசு மட்டும் இன்னும் அந்தத் தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்யவில்லை. திடலில் திரை கட்டிப் படம் போட்டது, அம்மா கருப்பம்மாள் மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு வந்து ரப்பர்பால் வாடையோடு கட்டிக்கொண்டது, திருவிழாவில் அப்பா தோளில் உட்கார்ந்து காவடி பார்த்தது. அப்பா என்று வந்ததும் வாயை மூடிக்கொள்வாள். அடுத்த லயத்துப் பையன் நான், எனக்கும் அந்தக் காலத்தை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

காரணம் எனக்குத் தெரியும். அவளுக்குப் பதினாறு வயதில் கருப்பம்மாளுக்கு மார்பில் கட்டி. அப்பா மாயாண்டி ஆப்பரேஷனுக்குச் சம்மதித்தார். வெட்டி எடுத்த சில வாரத்தில் அம்மா போய்விட்டாள். "கத்தி பட்டு பரவிருச்சு" என்று லயமே பேசியது. இவள் அப்பாவைப் பார்த்து, "நீதான்ப்பா கொன்னுட்ட" என்றாள். அதோடு பேச்சு நின்றது. எங்கள் கல்யாணத்தில் மனுஷன் ஓரமாக நின்று அட்சதை போட்டுவிட்டுப் போனார். இப்போது செமோரில் மகன் வீட்டில் இருக்கிறார்.

போன மாதம் இவளுக்கும் மார்பில் கட்டி. ஊசி குத்திச் சோதித்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். "வெட்டிக்க மாட்டேன். கத்தி பட்டா பரவும்லா" என்று ஒரே பிடிவாதம். எனக்கு வந்ததே கோபம்! "ஏன்டி, நீயும் போயிட்டா நான் யாரோட சண்டை போடுறது?" என்று கத்தினேன். கத்திவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன்.

டாக்டர் ஆர்த்திகா பொறுமைசாலி. "அக்கா, ஒரு செல் கெட்டுப்போய் அடங்காம பெருகுது, அதுதான் ஆரம்பம். சின்னக் கட்டியா மார்புலயே இருந்தா முதல் கட்டம். உங்களுக்கு அக்குள் நெறிக்கட்டுக்கும் வந்திருக்கு, இது ரெண்டாவது. நிறைய நெறிக்கட்டு, தோலுன்னு பிடிச்சா மூணு. எலும்பு, கல்லீரல்னு தூரமா போயிட்டா நாலு. இப்ப வெட்டி எடுத்து மருந்தும் கொடுத்தா குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு."

"எங்கம்மாவுக்கு வெட்டின பிறகுதானே பரவுச்சு?"

"வெட்டுறதுக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க?"

புஷ்பா யோசித்தாள். "கண்ணு மஞ்சளா இருந்துச்சு. இடுப்பு வலின்னு பால் வாளிய தூக்க முடியல. வயிறுகூட வீங்கி..." குரல் இறங்கிவிட்டது.

"அந்த நேரத்து ரிப்போர்ட்ட பார்க்காம அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றத வச்சுப் பார்த்தா, கத்தி படுறதுக்கு முன்னாடியே அது கல்லீரலுக்குப் போயிருக்கும். கத்தி பரப்பலக்கா."

காரில் ஏறியதும், "செமோருக்கு விடுங்க" என்றாள்.

மாமனார் வாசலில் நாற்காலியில் இருந்தார். மகளைக் கண்டதும் எழப் பார்த்தார், முடியவில்லை.

"அப்பா, அம்மாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு."

"ஐயோ தாயி! வெட்ட மட்டும் விட்டுறாத. ஒருத்திய வெட்டக் கொடுத்துட்டு நான் இத்தன வருஷமா உயிரோட செத்துக்கிட்டு இருக்கேன்."

அவரும் அதையே நம்பிக்கொண்டிருந்தார் என்பது அதுவரை எங்கள் புத்திக்கு எட்டவே இல்லை. புஷ்பா அவர் காலடியில் உட்கார்ந்து, டாக்டர் சொன்ன நாலு கட்டத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மஞ்சள் கண்ணைச் சொன்னபோது கிழவர் தலையாட்டினார்.

"அப்ப நான் அவள கொல்லலையா?"

"இல்லப்பா. நான்தான் வீணா பழி போட்டுட்டேன்."

வெகுநேரம் அழுதார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆப்பரேஷன் எப்ப? நானும் கூட வாரேன்" என்றார்.