துரைசாமி வைத்த சக்கரம்

கெர்பாவ் ரோட்டில் லாண்டரி வைத்திருந்த துரைசாமிக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர் கலந்திருப்பார்; சிரிக்காவிட்டால் நிச்சயமாகக் கலந்திருப்பார். அப்படிப்பட்டவரின் எதிர்மாடியில் 1958இல் ஒரு வெள்ளைக்காரர் குடிவந்தால் என்ன ஆகும்?

வந்தவர் ஹங்கேரிக்காரர், பெயர் பேலா. பல்கலைக்கழகத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுப்பவர். சொந்த நாட்டில் விஞ்ஞானிகள் சார்பாக அரசாங்கத்தை எதிர்த்துப் பேசிவிட்டு ஓடிவந்தவர் என்று பேச்சு. அரசியலும் ரசாயனமும் சேர்ந்தால் வெடிகுண்டுதான் என்று துரைசாமி முடிவுகட்டினார்.

ஒருநாள் பேலா சட்டைகளோடு பூஞ்சை பிடித்த துணி ஒன்றையும் கொடுத்து, துவைத்தால் மட்டும் போதும் என்று ஊர்ப் பொதுமொழியான மலாயில் தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்த துரைசாமிக்கு ரத்தம் கொதித்தது. மேலே வெளுத்துக் காவியாகிப்போன சிவப்பு, நடுவில் வெள்ளை, கீழே பச்சை. வெள்ளையின் நடுவே ஓட்டை. போர்க்காலத்தில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து மூவர்ணக் கொடிக்குச் சல்யூட் அடித்தவர் அவர்.

"நம்ம கொடி, கண்மணி. சக்கரத்தைத் தோண்டி எடுத்திருக்கான்," என்றார் மனைவியிடம்.

போலீசில் சொல்லப்போவதாகக் குதித்தார். சொன்னால் அந்த மனிதரைக் கப்பலேற்றிவிடுவார்கள், போக அவருக்கு ஊர் ஏது என்றாள் கண்மணி.

"துவைக்கத்தானே குடுத்தாரு? துவைச்சுக் குடுங்க லா."

துரைசாமி கேட்பவரா? ஒரு சோதனை வைத்தார். ஓட்டையின் பிசிறை வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டு, ஓட்டையை வட்டமாக்கி, வெள்ளைத்துணியால் ஒட்டுப்போட்டு, சலவை நீலத்தைக் கெட்டியாகக் கரைத்து ஒட்டின்மேல் சக்கரம் வரைந்தார். இதைப் பார்த்து முகம் மாறினால் நேரே போலீஸ் ஸ்டேஷன்.

முகம் மாறியது. வாங்க வந்து துணியை விரித்த பேலா கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். துரைசாமி ஸ்டேஷனுக்குக் கிளம்பச் சட்டையை மாட்டினார்.

பேலா மெதுவாகச் சொன்னார். அது அவர் நாட்டுக் கொடி. நடுவில் இருந்த அரசாங்க முத்திரையை வெட்டியெறிந்துவிட்டுத்தான் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். இந்தத் துணியில் வெட்டியது அவருடைய மகள், வீட்டுக் கத்தரிக்கோலால், அவசரத்தில், கோணல்மாணலாக. தெருவுக்குப் போனவள் உயிரோடு திரும்பவில்லை. அவள் கைபட்டது என்று அவரிடம் மிஞ்சியது அந்த ஓட்டை ஒன்றுதான்.

கண்மணி ஊசியால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். ஒட்டு கழன்று வந்தது. உள்ளே, தட்டை வைத்து வரைந்ததுபோல, கச்சிதமான வட்டம்.

குப்பை வண்டி காலையிலேயே வந்து போயிருந்தது. அது தெரிந்தும், வெட்கம் தாங்காமல், துரைசாமி வாசலில் குந்தி வெறும் கூடையைத் துழாவிக்கொண்டிருந்தார்.