கேமராவைச் சுமந்தவர்கள்

ஐம்பதுகளின் நடுவில் கொழும்பிலிருந்து ஓர் இயக்குநரும் ஒரு கேமராக்காரரும் தேயிலையைப் பற்றி விவரணப் படம் எடுக்க எங்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். கையில் காசில்லை. மற்ற ஆட்களைச் சேர்க்கும் வேலையைத் தோட்டப் பள்ளி வாத்தியாரான என் தலையில் கட்டினார்கள். படத்தில் கொழுந்து பறிக்க நாலு பெண்கள், கேமராப் பெட்டி தூக்க நாலு பேர் வேண்டுமென்று பெரிய கங்காணியிடம் சொன்னேன்.

மறுநாள் அவர் வீட்டு மருமகள்கள் பட்டுச் சேலையில் கூடையோடு வந்து நின்றார்கள். கொழுந்து பறிக்க ஒரு நாளும் மலைக்குப் போகாதவர்கள். தினமும் பறிக்கிற பெண்களின் தலையில் கேமராப் பெட்டிகள்.

"என்ன கங்காணி இது?" என்று கத்தினேன்.

"படத்துல வர்றது நம்ம தோட்டத்து மானமில்லீங்களா மாஸ்டர்? சுமக்கிறதுக்குத்தான் இவளுங்க இருக்காளுங்களே."

இயக்குநருக்குச் சேலையின் பளபளப்பு பிடித்துப்போயிற்று. நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

பிறகு ஒருநாள் தொழிற்சாலைச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படத்தைக் காட்டினார்கள். படத்தில் மருமகள்கள் கொழுந்தை விட்டுவிட்டு முத்தல் இலைகளைப் பிடுங்கிப் பிடுங்கிக் கூடையில் போட்டார்கள். தோட்டத்துத் துரை எழுந்து நின்று கைதட்டினார்.

பெட்டி சுமந்த ஒருத்தி என் பக்கத்தில் முணுமுணுத்தாள்: "இந்த முத்தல நாங்க பறிச்சிருந்தா, இதே தொர அரைநாள் சம்பளத்த வெட்டியிருப்பாருங்க."