பரமத்தி வேலூரில் ருஷ்யச் சட்டம்

கருக்கலைப்புச் சட்டங்களை நாடு நாடாக ஒப்பிட்டு எழுதினால் என்ன என்ற எண்ணம், இந்த 1960-ஆம் வருஷத்தில், பரமத்தி வேலூர் பஸ் நிறுத்தத்தில்தான் எனக்கு உதிக்கிறது. வெற்றிலைக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறேன். ருஷ்யாவில் ஆஸ்பத்திரியிலேயே செய்துகொள்ளலாமாம்; இங்கிலாந்தில் அது குற்றமாம். உற்சாகம் தாங்காமல் பக்கத்தில் இருக்கும் மருத்துவச்சிக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறேன்.

"ருஷ்யாவுக்கு எந்த பஸ்ஸுங்க அம்மிணி போகுது?" என்கிறாள் அவள்.

அவளோடு மூன்று மாதக் கர்ப்பிணி செல்லாயி இருக்கிறாள். நெஞ்சு பலவீனமாம். பிரசவத்தைத் தாங்க மாட்டாய், வந்தால் கலைத்துவிடுகிறேன் என்று நாமக்கல் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். கிராம அதிகாரியான ஊர் மணியகாரரோ, போனால் ஜெயில்தான் என்று சொல்லிவிட்டார். அந்தப் பயத்தில் காலையிலிருந்து இரண்டு நாமக்கல் பஸ்களை விட்டுவிட்டார்கள்.

"தாய் உயிரைக் காப்பாத்தறதுக்குன்னா நம்ம சட்டத்துலயும் குத்தமில்லைங்களே," என்கிறேன்.

செல்லாயி நிமிர்கிறாள். "நெசமாங்களா?"

"ஆமாங்க. அச்சடிச்சே இருக்குது. நானே படிச்சேன்."

"ஊட்டுச் சோத்தை மூடி வெச்சுப்போட்டு ருஷ்யாவுல போயிப் பரிமாறுறீங்களே அம்மிணி," என்கிறாள் மருத்துவச்சி. செல்லாயி வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

மூன்றாவது பஸ் வந்ததும் செல்லாயிதான் முதலில் ஏறி எனக்கும் இடம் பிடிக்கிறாள். கரூர் போக வேண்டிய நான் நாமக்கல் போகிறேன். டாக்டரம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: இந்த விதியை நான் தமிழில் நாலே வரியில் எழுதித் தந்தால், மணியகாரர்களும் படிக்கும்படி ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டுவாரா?