வேப்பம்பூ செருகிய புத்தகம்

அழ வைக்கும் கதையை எந்த வயதில் குழந்தைக்கு வாசித்துக் காட்டலாம்?

மைசூர் விஜயநகரில், அக்கா வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் நானும் மகளும் நிற்கிறோம். யுகாதிக்காகக் குழந்தைப் புத்தகங்களை இரண்டிரண்டாக நூலால் கட்டி மேசையில் அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டிலும் வேப்பம்பூ செருகியது சோகக் கதை. வெல்லக்கட்டிப் படம் ஒட்டியது சந்தோஷக் கதை.

"வெல்லம் மட்டும் தாங்க மேடம். இவளுக்கு நாலு வயசுதான்."

"பேவு, பெல்லா, அதான் வேம்பு, வெல்லம், ரெண்டும் சேர்ந்தாத்தான் யுகாதிம்மா," என்று நூலகர் சிரிக்கிறார். "அழுதா அழட்டும். நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க?"

மகள் பூ செருகியதைத்தான் பிரிக்கிறாள். கன்றைத் தேடும் பசுவின் கதை, பாதி வாசித்தாயிற்று. கடைசிப் பக்கத்தை நான் எட்டிப் பார்த்துவிட்டேன், கன்று கிடைப்பதில்லை.

"அப்புறம்?" என்று என் தாடையைப் பிடித்துத் திருப்புகிறாள்.

உள்ளபடியே வாசிக்கட்டுமா, முடிவை மாற்றிச் சொல்லட்டுமா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.